எண்ணெயில் ஆற்றல் ஏன் அதிகம்? சர்க்கரை சுமக்கும் ஆக்சிஜனில் இருக்கிறது விடை

என்னிடம் முன்பு படித்த ஒருவரின் மகள் மன்னார்குடியில் பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தாள். முதல் கேள்வி: "ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்று படிக்கிறோம். கொழுப்பில் பிணைப்புகள் அதிகம், அவை உடையும்போது நிறைய ஆற்றல் வெளிவருகிறது என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். இது சரிதானா ஐயா?" இரண்டாவது: "கொழுப்பு அவ்வளவு நல்ல சேமிப்பு என்றால், நம் நெல் ஏன் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது?"

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டாவது கேள்வியை 31 ஆண்டுகள் வேதியியல் நடத்திய காலத்தில் என்னிடம் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா, கையேட்டில் இருக்கும் விளக்கம் தவறு. பிணைப்பு உடைவதால் ஆற்றல் வெளிவருவதே இல்லை. அதைப் பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதலில் நேரான விடை: சர்க்கரையும் மாவுச்சத்தும் தங்கள் எடையில் பாதியை ஆக்சிஜனாகவே சுமந்துகொண்டிருக்கின்றன. எரிவது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது. முன்பே ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் பொருள் எரிவதற்கு மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். போதாததற்கு அந்த ஆக்சிஜனின் எடையும் தராசில் ஏறுகிறது. கொழுப்பில் ஆக்சிஜன் மிகச் சொற்பம். அதன் உடல் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். கொழுப்புக்குத் தேவையான ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது. காற்றை யாரும் எடைபோட்டு மூட்டையில் கட்டுவதில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் நிற்கும் உன் அப்பாவைக் கேட்டால் இதை ஒரு நொடியில் புரிந்துகொள்வார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கத் தயங்குகிறார்கள். மழை பெய்த ஆண்டுகளில் 22 சதவீதம் வரை அனுமதிக்கச் சொல்லி விவசாயிகள் கேட்கிறார்கள். ஏன் இந்தச் சிக்கல்? 40 கிலோ மூட்டை என்று எழுதினாலும் அதில் அரிசியாக மாறுவது எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இப்போது குளுக்கோஸைப் பார். அதில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருக்கும் அதே விகிதத்தில், இரண்டுக்கு ஒன்று என்று இருக்கின்றன. 'கார்போஹைட்ரேட்' என்ற பெயரே 'தண்ணீர் ஏறிய கார்பன்' என்ற பொருளில்தான் வந்தது. 180 கிராம் குளுக்கோஸில் கார்பன் 72 கிராம் மட்டுமே. மீதி 108 கிராம் தண்ணீரின் கூறுகள். ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள நெல் மூட்டை என்று வைத்துக்கொள்ளேன்.

இது வெறும் உவமை இல்லை என்று காட்ட ஒரு சோதனை உண்டு. ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நானே செய்து காட்டுவேன். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டேன். ஒரு பீக்கரில் கால் பங்கு வெள்ளைச் சர்க்கரை. அதன்மேல் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினால், அரை நிமிடம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். பிறகு சர்க்கரை வெளிறிய மஞ்சளாகும், பழுப்பாகும், பாகு முறிந்த வாசனை அடிக்கும். அடுத்த நொடி கன்னங்கரேல் என்று ஒரு தூண் பீக்கரின் வாயைத் தாண்டி எழும்பும். பக்கவாட்டில் புஸ்ஸென்று நீராவி. அமிலம் செய்தது இவ்வளவுதான்: சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தண்ணீராகப் பிடுங்கிக்கொண்டது. நின்றது கரி. வெள்ளைச் சர்க்கரைக்குள் இவ்வளவு கரியும் இவ்வளவு தண்ணீரும் இருந்தன என்பதைக் கண்ணால் பார்த்த மாணவன் அதன்பிறகு மறப்பதில்லை.

சர்க்கரைக்குள் தண்ணீர் தண்ணீராகவே உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே. அணுக்கள் பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் வெப்பக் கணக்கில் இந்தப் பார்வை ஏறக்குறையச் சரியாக வரும். 72 கிராம் தூய கார்பனை எரித்தால் சுமார் 2,360 கிலோஜூல் கிடைக்கும். 180 கிராம் குளுக்கோஸை எரித்தால் கிடைப்பது 2,805 கிலோஜூல். குளுக்கோஸில் உள்ள ஹைட்ரஜனால் கிடைக்கும் உபரி அவ்வளவுதான். நம் பக்கம் சீமைக் கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்கி விற்பதும் இதே கணக்குதான். விறகில் மிகப்பெரிய பங்கு மாவுச்சத்தின் உறவினனான செல்லுலோஸ். சுடும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறிவிடுவதால், ஒரு கிலோ கரி ஒரு கிலோ விறகைவிட அதிகச் சூடு தருகிறது.

இப்போது கையேட்டின் தவறுக்கு வருவோம். எந்தப் பிணைப்பை உடைப்பதற்கும் ஆற்றல் செலவாகும். விதிவிலக்கே கிடையாது. இரண்டு அணுக்கள் ஒட்டியிருக்கின்றன என்றாலே, அவற்றைப் பிரிக்க நாம் ஏதோ செலவிட வேண்டும் என்றுதானே அர்த்தம்? அதனால்தான் தீக்குச்சியை உரச வேண்டியிருக்கிறது. விளக்கில் எண்ணெய் ததும்ப ததும்ப இருந்தாலும் திரியைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. ஆற்றல் வெளிவருவது புதிய பிணைப்புகள் உருவாகும்போது. உடைத்த பழைய பிணைப்புகளைவிட உருவாகும் புதிய பிணைப்புகள் உறுதியானவையாக இருந்தால், வரவு செலவில் மிச்சம் விழும். அந்த மிச்சம்தான் சூடு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நோட்டை எடுத்துக்கொள். கொழுப்பு அமிலச் சங்கிலியில் ஒரு கண்ணி என்பது ஒரு கார்பன், அதோடு இரண்டு ஹைட்ரஜன். சர்க்கரையில் ஒரு கண்ணி என்பது ஒரு கார்பன், அதோடு ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி. இரண்டும் முழுதாக எரிந்தால் முடிவில் கிடைப்பது ஒன்றே: ஒரு கார்பன் டை ஆக்சைடு, ஒரு தண்ணீர். ஆக வரவுப் பக்கம் இரண்டுக்கும் சமம். பிணைப்பு ஆற்றலின் சராசரி மதிப்புகளை வைத்தால், கார்பன் டை ஆக்சைடின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு 1,610 கிலோஜூல், தண்ணீரின் இரண்டு பிணைப்புகளுக்கு 926. மொத்த வரவு 2,536.

செலவுப் பக்கம்தான் வேறுபடுகிறது. கொழுப்புக் கண்ணியை உடைக்க, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டுக்கு 826, கார்பன்-கார்பன் பிணைப்பு ஒன்றுக்கு 347. எரிக்க ஒன்றரை மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிரிக்க 747. மொத்தம் 1,920. மிச்சம் 616 கிலோஜூல். சர்க்கரைக் கண்ணிக்குக் கார்பன்-ஹைட்ரஜன் 413, கார்பன்-கார்பன் 347, கார்பன்-ஆக்சிஜன் 358, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் 463. வெளியிலிருந்து ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் போதும், அதற்கு 498. மொத்தம் 2,079. மிச்சம் 457.

இங்கே ஒரு கணம் நில். உடைக்க வேண்டிய பிணைப்புகளின் மொத்த மதிப்பு சர்க்கரையில்தான் அதிகம்! கையேடு சொன்னபடி பிணைப்பு உடைந்து ஆற்றல் வருமானால் சர்க்கரை அல்லவா வென்றிருக்க வேண்டும்? சர்க்கரையில் ஆக்சிஜனோடு உருவான உறுதியான பிணைப்புகள் முன்பே இருக்கின்றன. அவற்றை உருவாக்கியபோது வெளிவந்த ஆற்றல் எப்போதோ போய்விட்டது. இப்போது திரும்பக் கேட்டால் கிடைக்காது.

அடுத்து எடை. பெரும்பாலான விளக்கங்களில் விட்டுப்போகும் இடம் இது. 616-க்கும் 457-க்கும் உள்ள வேறுபாடு ஒன்றே கால் மடங்குக்குச் சற்றுமேல்தான். 9-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளியை அது மட்டும் விளக்காது. ஆனால் கொழுப்புக் கண்ணியின் எடை 14. சர்க்கரைக் கண்ணியின் எடை 30. அந்த ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் 16. வகுத்துப் பார்: கொழுப்புக் கண்ணி ஒரு கிராமுக்கு 44 கிலோஜூல், சர்க்கரைக் கண்ணி ஒரு கிராமுக்கு 15. வேறுபாட்டின் பெரிய பங்கு ஆக்சிஜனின் எடையால் வருகிறது. சிறிய பங்குதான் வேதியியல் வெப்பத்தால் வருகிறது. தேர்வில் இரண்டையும் எழுது, ஆனால் எது பெரிது என்பதையும் சேர்த்து எழுது.

உண்மையான கொழுப்பு வெறும் கண்ணிகளால் ஆன சங்கிலி இல்லை. மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலும் சேர்ந்தது. சேருமிடங்களில் ஆறு ஆக்சிஜன் இருக்கும். ஆகவே 44 என்பது 39-க்கு இறங்கும். மாவுச்சத்திலோ குளுக்கோஸ்கள் கோக்கப்படும்போது ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தண்ணீர் விலகிவிடுவதால் எடை சற்றுக் குறைந்து, 15 என்பது ஏறக்குறைய 17.5 ஆகும். 39-ஐ 17.5-ஆல் வகுத்தால் இரண்டே கால். 9-ஐ 4-ஆல் வகுத்தாலும் இரண்டே கால். நோட்டில் போட்ட கணக்கு புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு வந்து பொருந்தும் இந்த இடம், எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு மகிழ்ச்சி தருவது.

ஆற்றல் எங்கேதான் இருக்கிறது என்று அடுத்து கேட்பாய். 616-ஐ ஒன்றரையால் வகுத்துப் பார்: 411. சர்க்கரையில் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனுக்கு 457. அதாவது செலவாகும் ஆக்சிஜனை வைத்துக் கணக்கிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சர்க்கரையே ஒரு பிடி மேல். எந்தக் கரிமப் பொருளை எரித்தாலும் ஆக்சிஜன் அளவுக்கு ஏற்ப வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது என்பதை தார்ன்டன் என்பவர் 1917-லேயே எடுத்துக்காட்டினார். காரணம் ஆக்சிஜன் மூலக்கூறில் இருக்கிறது. அதன் இரட்டைப் பிணைப்பு 498 கிலோஜூல்தான். கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஒரு இரட்டைப் பிணைப்போ 805. ஆக்சிஜன் தன் இணையோடு தளர்வாகக் கைகோத்திருக்கிறது. கார்பனோடும் ஹைட்ரஜனோடும் இறுக்கமாகக் கைகோக்கிறது. தளர்ச்சியிலிருந்து இறுக்கத்துக்கு மாறும்போது வெளிவருவதுதான் நெருப்பு.

ஆகவே ஆற்றல் எண்ணெய்க்குள் பூட்டி வைத்த பணம் போன்றது இல்லை. எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு அது. மேட்டூரில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? கடல் கீழே இருப்பதால் வந்தது. மேட்டூரும் பூம்புகாரும் ஒரே மட்டத்தில் இருந்தால் காவிரி ஓடாது, சுழலி சுற்றாது. கொழுப்பு மேட்டில் நிற்கும் தண்ணீர். சர்க்கரை, வழியில் கொஞ்ச தூரம் இறங்கி வந்துவிட்ட தண்ணீர். எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதையும், ஓர் அணு எத்தனை எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்திருக்கிறது என்று காட்டும் ஆக்சிஜனேற்ற எண் துல்லியமாகச் சொல்கிறது. கார்பனின் எண் மீத்தேனில் கழித்தல் 4. கார்பன் டை ஆக்சைடில் கூட்டல் 4. குளுக்கோஸில் சராசரி பூஜ்ஜியம், சரியாக நடுவழி. பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் கழித்தல் 1.75. ஒவ்வொரு கார்பனும் ஆக்சிஜனுக்குக் கொடுக்க வைத்திருக்கும் எலக்ட்ரான்கள் குளுக்கோஸில் 4, பால்மிடிக் அமிலத்தில் 5.75.

இதே விதி சமையலறைக்கு வெளியேயும் செல்லும். எடையில் ஆக்சிஜனின் பங்கு குளுக்கோஸில் 53 சதவீதம், ஒரு கிராமுக்கு 3.7 கலோரி. எத்தனாலில் 35 சதவீதம், 7.1 கலோரி. பால்மிடிக் அமிலத்தில் 12.5 சதவீதம், 9.3 கலோரி. டீசலில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை, 11-ஐ நெருங்குகிறது. பெட்ரோலில் எத்தனால் கலந்தால் வண்டி லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறைவதற்குப் பின்னால் இருப்பதும் இந்த வரிசைதான். (உணவு விஷயத்தில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியை. பாடப்புத்தகத்தில் அதைக் கவனித்து எழுது.)

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன், பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய். ஒரு வேர்க்கடலைப் பருப்பை ஊசியில் குத்தி, மறுமுனையை உருளைக்கிழங்குத் துண்டில் செருகி நிறுத்து. தீக்குச்சியைக் காட்டினால் முதலில் தோல் கருகும். பிறகு பருப்பின் மேல் எண்ணெய் வியர்த்து நிற்பது தெரியும். பிடித்துக்கொண்டால் கரும்புகையோடு மஞ்சள் சுடர் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்று எரியும். மேலே ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்தால் தொடமுடியாத அளவுக்குச் சுடும். ஒற்றைக் கடலை! அதே எடைக்குச் சர்க்கரையை வைத்துப் பார். உருகும், கொப்பளிக்கும், கருகும், தானாக நின்று எரியவே எரியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: எளிதில் பற்றிக்கொள்வது வேறு, ஆற்றல் அதிகம் இருப்பது வேறு. எண்ணெய் சூட்டில் ஆவியாகிச் சுடருக்குள் போகிறது, சர்க்கரை போவதில்லை. அளவை அறிய மூடிய கலத்தில் அழுத்தமான ஆக்சிஜனை நிரப்பி, முழுவதும் எரித்து, சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டை அளக்க வேண்டும். அதற்குக் குண்டுக் கலோரிமீட்டர் என்று பெயர். அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உணவுகளை இப்படி எரித்து அளந்து, உடலில் செரிக்காமல் போவதைக் கழித்து, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4 என்று வகுத்தார். இன்றும் பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் அச்சாவது பெரும்பாலும் அந்த எண்களை வைத்துப் போட்ட கணக்கு.

உடலுக்குள் சுடர் இல்லை. அதே எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஆற்றலைச் செல் ஏடிபி என்ற மூலக்கூறாக, சில்லறைக் காசு போலப் பிடித்துவைக்கிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து 30 முதல் 32 ஏடிபி, ஒரு பால்மிடிக் அமிலத்திலிருந்து 106. எடைக்கு வகுத்தால் மறுபடியும் அதே இரண்டே கால், இரண்டரை பக்கம்தான் வரும்.

இனி, கொழுப்பின் இன்னொரு பெரிய சாதகம். அது வேதியியல் பாடத்தில் வராது, உயிரியலில் ஒரு வரியில் ஒதுங்கிவிடும். உடலில் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதன் உடலெங்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் இருப்பதால் தண்ணீர் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு இரண்டு, மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். கொழுப்போ தண்ணீரை அண்டவிடாது. நல்லெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் ஒதுங்கி நிற்கிறதே, அதே குணம். ஆகவே 4-க்கு 9 என்பது காய்ந்த சரக்கின் விகிதம் மட்டும். தண்ணீரையும் சேர்த்து, உடல் உண்மையில் சுமக்கும் எடைக்குக் கணக்கிட்டால் வேறுபாடு ஆறு மடங்குக்கு மேல் போய்விடும். சராசரி உடல்வாகு உள்ள ஒருவரிடம் 10 கிலோ கொழுப்பு இருந்தால் அது 90,000 கலோரி. அதையே கிளைக்கோஜனாக வைக்க 22 கிலோவுக்கு மேல் கிளைக்கோஜன் வேண்டும். அதோடு ஒட்டும் தண்ணீரையும் சேர்த்தால் 70 கிலோவைத் தாண்டும். தன்னைப் போல் இன்னொருவரை முதுகில் சுமந்துகொண்டு நாற்று நட முடியுமா? உண்மையில் நம் ஈரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் அரைக் கிலோ அளவுதான். ஏறக்குறைய ஒரு நாள் செலவு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போ. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பில் குளிர்காலம் முழுக்கக் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக மேயும். கையில் எடுத்தால் மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான் இருக்கும். இனப்பெருக்கத்துக்கு அவை போவது வடதுருவத்தை ஒட்டிய நிலங்களுக்கு. கோடை நெருங்கும்போது அவை சேற்றைக் கொத்தும் வேகத்தைப் பார்க்க வேண்டும். தையல் எந்திரத்தின் ஊசி போல அலகு ஏறி இறங்கும். அப்போது உடலில் ஏறுவது கொழுப்பு. நெடுந்தொலைவு நிற்காமல் பறக்கும் சில கரைப்பறவைகளில், புறப்படும் நேரத்தில் உடல் எடையில் பாதி கொழுப்பாகவே இருப்பதுண்டு. அந்த ஆற்றலைக் கிளைக்கோஜனாகச் சேர்த்தால் பறவை தரையைவிட்டே எழாது. வழியில் தண்ணீருக்கும் ஓரளவு அந்தக் கொழுப்பே உதவுகிறது: ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் உருவாகும். ஹைட்ரஜன் பறவை சுமந்தது. ஆக்சிஜன் வழியில் மூச்சிழுத்தது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. நெல் ஏன் மாவுச்சத்தை வைத்திருக்கிறது?

முதல் காரணம் செலவு. கொழுப்பைச் செடி சும்மா பெறுவதில்லை. ஒளிச்சேர்க்கையில் கிடைப்பது சர்க்கரை; அதிலிருந்து ஆக்சிஜனை நீக்கி, ஹைட்ரஜனை ஏற்றித்தான் எண்ணெய் செய்ய வேண்டும். ஒரு கிராம் எண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்று கிராம் குளுக்கோஸ் செலவாகும். மாவுச்சத்துக்கு ஒரு கிராமுக்கு ஒன்றேகால் கிராம் போதும். ஏக்கருக்கு நெல் மூட்டை மூட்டையாகக் காண்பதும், எள் சில மூட்டைகளோடு நிற்பதும் பல காரணங்களால். இது அவற்றில் ஒன்று. எள்ளின் எடையில் பாதி எண்ணெய். ஒரு எள் மூன்று மில்லிகிராம் அளவுதான். அந்தச் சின்ன இடத்தில் நாற்றுக்கு வேண்டிய கட்டுச்சோற்றை அடக்க எண்ணெய் நல்ல வழி. நெல்மணி அதைப் போல் பல மடங்கு பெரியது. நகராத செடிக்கு எடை ஒரு பாரமும் இல்லை.

ஒரே மரம் இரண்டையும் செய்வதை இலுப்பையில் பார்க்கலாம். 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று நாம் பழமொழியாகச் சொல்லும் அந்தப் பூவின் சதையில் சர்க்கரை. அதே மரத்தின் விதைப்பருப்பில் பாதிக்கு நெருக்கமாக எண்ணெய். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊருக்கே பெயர். அந்த எண்ணெயில்தான் ஒரு காலத்தில் கோயில் விளக்குகள் எரிந்தன. பூவின் சர்க்கரை வெளவால்களை அழைக்கக் கொடுக்கும் கூலி. இரவோடு இரவாகத் தின்று தீர்ப்பதற்கு. கூலிக்கு மலிவான பொருள், பிள்ளைக்கு விலையுயர்ந்த பொருள். மரத்தின் கணக்கு அப்படி இருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அது நம் சேற்றிலேயே இருக்கிறது. கொழுப்பை எரிக்க வெளியிலிருந்து ஆக்சிஜன் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ஒரு அடிகூட நகர முடியாது. குளுக்கோஸ் அப்படி இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் அது தன்னையே இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். தன்னிடம் உள்ள ஆக்சிஜனைச் சில கார்பன்களிடம் குவித்து அவற்றைக் கார்பன் டை ஆக்சைடாக முழுதும் கீழே இறக்கிவிடும். மற்ற கார்பன்களை ஹைட்ரஜன் மிகுந்த எத்தனாலாக மேலே விட்டுவைக்கும். ஒரு பகுதி இறங்கியதில் கிடைப்பது இரண்டே ஏடிபி. முப்பதோடு ஒப்பிட்டால் அற்பம்தான், ஆனால் மூச்சு முட்டும் இடத்தில் உயிரைப் பிடித்து வைக்க அது போதும். கொழுப்பிடம் இந்த வித்தை இல்லை. பங்கிட அதனிடம் ஆக்சிஜன் ஏது? நெல் மூட்டையை முதுகில் ஏற்றி லாரிக்கு ஓடும் தொழிலாளியின் தசையும், இரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் குளுக்கோஸைத்தான் இப்படி உடைத்துக்கொள்கிறது; அங்கே முடிவில் வருவது எத்தனால் இல்லை, லாக்டிக் அமிலம்.

குறுவைக்கு நாற்றங்கால் விடும்போது போய்ப் பார். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைகட்டி, உழுது சமப்படுத்திய சேற்றில் தெளிப்பார்கள். தண்ணீர் நின்ற சேற்றுக்குள் ஆக்சிஜன் சொற்பம். எள்ளையோ கடலையையோ அங்கே போட்டால் அழுகும். எண்ணெய் விதைகள் முளைக்கும்போது கூடுதல் ஆக்சிஜன் கேட்பவை; அவற்றைக் காற்றோட்டமுள்ள பொலபொலப்பான மண்ணில் விதைப்பது அதனால்தான். நெல்லோ அந்த நிலையிலும் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியை உண்டாக்கி, அந்தச் சர்க்கரையை நொதிக்கவைத்து, வேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வெள்ளைக் குருத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே காற்றைத் தேடி நீட்டுகிறது. எடைபோடும்போது வீண் சுமையாக இருந்த அதே ஆக்சிஜன்தான் இங்கே குருத்து மேலே வரும்வரை அதைத் தாங்குகிறது.

அடுத்த முறை உன் வீட்டில் விதைச் சாக்கைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று, கையை உள்ளே விட்டுப் பார். நெல் வெதுவெதுப்பாக இருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் கள் வாசனை போல ஒன்று லேசாக அடிக்கும். அது அந்த எத்தனால்.